இழப்பு யார் கணக்கில்?

2024 மாசி மாசம் ஒரு நாள், விடியக்காலம் ஐந்தரை மணி இருக்கும். போன் அடித்தது. நம் வயதில் அந்த நேரத்துக்குப் போன் அடித்தால் மனசு முதலில் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். எடுத்தால் என் தங்கச்சி. வெள்ளகோவிலுக்குத் தெற்கே ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

"அண்ணா, பட்டியில நாய் பூந்துருச்சுங்ணா" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

பஸ் பிடித்துப் போய்ச் சேர எட்டு மணி ஆகிவிட்டது. சாளைக்கு முன்னால் பதினோரு செம்மறியை வரிசையாகக் கிடத்தி, உரச்சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். பட்டியில் இருந்தது மொத்தம் 23. மீதியில் நான்கு கழுத்திலும் தொடையிலும் கடிபட்டு, ரத்தம் உறைந்து, சத்தம்கூடப் போடாமல் நின்றிருந்தன. தின்ற ஆடு என்று ஒன்றும் இல்லை. ஒன்றின் குரல்வளையைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கின்றன. நாய்கள் ஐந்தாறு இருக்கும் என்று தடம் பார்த்துச் சொன்னார்கள்.

மாப்பிள்ளை தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது மனுஷன். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மச்சான். ஒரு மணி நேரந்தானுங்க கண்ணசந்தேன்" என்றார், ஏதோ தப்புப் பண்ணிவிட்டவர் மாதிரி. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கடிபட்ட நான்கில் இரண்டு அந்த வாரமே செத்தன. சினையாக இருந்த இரண்டுக்குப் பயத்திலேயே சினை கலைந்துபோனது. அந்தச் சமயம் சந்தையில் உருப்படி ஒன்பதாயிரம் என்று வைத்தால் பதிமூன்று ஆட்டுக்கு 1,17,000 ரூபாய். பனியன் கம்பெனிகளில் 34 வருஷம் கணக்கு எழுதினவன் நான். துக்க வீட்டிலும் புத்தி முதலில் கூட்டல் போடத்தான் போகிறது. கலைந்த குட்டிகளை எந்த விலையில் எழுதுவது என்று தெரியாமல் அந்த வரியை விட்டுவிட்டேன்.

அதன் பிறகு ஒரு மாசம் மாப்பிள்ளையுடன் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினேன். கால்நடை டாக்டர் வந்து பரிசோதித்து சான்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டு முதல் ஆபீசுக்குப் போனால், "புலியோ சிறுத்தையோ அடிச்சிருந்தா நாங்க பாக்கலாம். நாய் காட்டு விலங்கு இல்லைங்களே" என்றார்கள். இரண்டாவது ஆபீசில், "மழை, வெள்ளம், இடின்னா எங்ககிட்ட விதி இருக்கு" என்றார்கள். உண்மைதான். பேரிடர் நிவாரண விதிப்படி கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 ரூபாய் உண்டு. நாய் பேரிடர் ஆகாது. மூன்றாவது ஆபீசில் நாயின் சொந்தக்காரர் யார் என்று கேட்டார்கள். யாரும் மரியாதை இல்லாமல் பேசவில்லை, டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த 1,17,000 ரூபாயை எழுத ஒருத்தரிடமும் ஒரு தலைப்பு இல்லை.

அது ஒரு வீட்டுக் கதை என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அந்தப் பக்கம் சென்னிமலை வரைக்கும் இந்தச் சில வருஷங்களில் நாய் புகாத ஊர் குறைவு. செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு மறியல் செய்த படங்களைப் பேப்பரில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

டவுனிலேயே இருந்துவிட்டவர்களுக்காகக் கொறங்காடு பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் பெரிய விஷயம் என்கிற பூமி அது. வாய்க்கால் பாயாத இடத்தில் நெல்லும் கரும்பும் நினைக்க முடியாது. நம் முன்னோர் அங்கே புல்லைப் பயிராக வைத்தார்கள். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. மூன்று நான்கு ஏக்கருக்கு ஒரு காடு என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. ஒரு காட்டில் மேய்ந்து முடிந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றி விடுவார்கள். மாட்டை உள்ளே விட்டுத் தட்டைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். புருஷனும் பொண்டாட்டியும் மட்டும் இருக்கிற வீட்டில் நாலு காங்கயம் மாடும் இருபது ஆடும் வைத்திருக்க முடிந்தது இதனால்தான். செவலையாகப் பிறந்து ஆறு மாசத்தில் நிறம் மாறுகிற காங்கயம் கன்று அந்தப் புல்லைத் தின்று வளர்ந்ததுதான். 2017-ல் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் பிள்ளைகள் கூடினபோது நாட்டு மாட்டைக் காப்போம் என்று தமிழ்நாடே பேசியது. அந்த மாடு நிற்கிற காட்டையும், காட்டுக்குச் செலவு தாங்குகிற ஆட்டையும் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. காங்கயம் மாட்டில் வருமானம் வருஷத்துக்கு ஒரு கன்று. கைச்செலவுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கண்ணாலத்து மொய்க்கு எல்லாம் ஆடுதான். கன்னிவாடிச் சந்தைக்கு இரண்டு உருப்படியை ஓட்டினால் அந்த மாசம் தள்ளிவிடலாம். ஆடு போனால் பின்னாலேயே மாடும் போகும், மாடு போனால் கொறங்காடும் போகும்.

கிளுவை வேலி மாட்டை உள்ளே நிறுத்தும். நாயை வெளியே நிறுத்தாது. இவ்வளவு காலம் அதற்கு அவசியமும் வரவில்லை.

வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. எங்கள் அப்பாரு காலத்தில் அந்தப் பக்கம் ஓநாய் உண்டு. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்கிற கதையில் பாதி ஓநாய்க் கதைதான். பட்டியைச் சுற்றி முள் படல் கட்டி, நடுவில் கட்டில் போட்டுப் படுப்பாராம். காலடியில் ஒரு நாய். ஓநாய் வந்தால் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விடும், பட்டியையே அழிக்காது என்பார். அப்போது சர்க்காரே ஓநாயை அடிக்கச் சொன்னது. வெள்ளைக்காரன் ஆட்சியில் அடித்துக் கொண்டுவந்து காட்டினால் சன்மானம் உண்டு. அடித்தார்கள், அடித்தார்கள், அந்தப் பக்கம் ஒன்றுகூட மிச்சமில்லை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்றைக்கு ஓநாய் அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது, சிறுத்தையும் அப்படித்தான். முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் 3 முதல் 7 வருஷம் ஜெயில். அடித்துப்போடச் சொல்லிக் காசு கொடுத்த அதே சர்க்கார் இப்போது ஜெயில் என்கிறது. இதில் எனக்குக் குறை இல்லை. அன்றைக்குச் செய்தது தப்பு, இன்றைக்குத் திருத்திக்கொள்கிறோம். இந்தியா முழுக்க மூவாயிரம் ஓநாய்தான் இருக்கும் என்கிறார்கள். கோடிக்கணக்கில் ஜனம் இருக்கிற தேசத்தில் அந்த மூவாயிரத்துக்கு இடம் வேண்டாமா?

சிறுத்தை நம் பக்கமே வந்ததும் நினைவிருக்கும். 2022 ஜனவரியில் அவிநாசிப் பக்கம் பாப்பாங்குளத்துச் சோளக்காட்டில் பதுங்கி, ஆட்களைத் தாக்கி, கடைசியில் திருப்பூர் அம்மாபாளையம் வரைக்கும் வந்து மயக்க ஊசியில் மாட்டியது. அன்றைக்கு எங்கள் வீதியில் ஒரு பிள்ளையையும் வெளியே விடவில்லை. 2023-ல் ஊதியூர் மலையில் இன்னொன்று. கேமரா வைத்தார்கள், கூண்டு வைத்தார்கள், அது பாட்டுக்குக் கன்றையும் ஆட்டையும் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் சொந்தத்தில் ஒருத்தருக்கு அப்போது ஒரு கன்று போனது. வருத்தந்தான். ஆனால் அதற்கு ஒரு படிவம் இருந்தது, வந்து பார்க்க ஆள் இருந்தது, பிறகு பணமும் வந்தது. சிறுத்தையைக் காப்பது என்று தேசம் முடிவெடுத்தது, அது அடிக்கிற கன்றுக்கு விலை கொடுப்பது என்றும் முடிவெடுத்தார்கள். அதுதான் நியாயம்.

நாய் விஷயத்தில் அந்த இரண்டாவது பாதி விட்டுப்போனது. 1960-ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001-ல் நாய் கருத்தடை விதிகள் வந்தன. 2023-ல் அதை மாற்றிப் புதிய விதிகள் போட்டார்கள். சாரம் இதுதான்: தெருநாயைக் கொல்லக்கூடாது, வேறு ஊருக்குக் கொண்டுபோய் விடக்கூடாது. உள்ளாட்சி அமைப்பு பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ஏட்டில் நல்ல விதிதான். பெரிய ஊர்களில் ஓரளவு நடக்கும். ஆனால் ஒரு குக்கிராமத்துப் பஞ்சாயத்துக்கு நாய் பிடிக்க வண்டி ஏது, ஆபரேஷன் செய்ய டாக்டர் ஏது? கொறங்காட்டில் திரிகிற நாய்க் கூட்டத்துக்கு எந்த இடம் பிடித்த இடம்?

2025-ல் இது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. ஆகஸ்ட் 11-ல் இரண்டு நீதிபதிகள், டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள் என்றார்கள். ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பழைய இடத்திலேயே விடுங்கள், வெறிபிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதீர்கள் என்றார்கள். நவம்பர் 7-ல் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், விளையாட்டு வளாகம் இங்கெல்லாம் இருக்கிற நாய்களை அப்புறப்படுத்த உத்தரவு வந்தது. மாப்பிள்ளை பேப்பரை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஆட்டுப்பட்டின்னு எங்கயாவது போட்டிருக்காங்களாங்க மச்சான்?" என்று கேட்டார். போடவில்லை. டிவியில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கத்தினார்களே, அதிலும் ஆடு வளர்க்கிற ஒருத்தரை நான் பார்க்கவில்லை.

இதே சண்டை உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 2020-ல் ஓநாயைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று ஜனங்களிடம் ஓட்டெடுத்தார்கள். பாதிக்குச் சற்றே மேல் வேண்டும் என்றது. வேண்டும் என்றவர்களில் நகரத்துக்காரர்கள் அதிகம். ஓநாய் வந்து இறங்கப்போவது மேற்கே மாடு வளர்க்கிறவன் நிலத்தில். 2023 டிசம்பரில் பத்து ஓநாயைக் கொண்டுவந்து விட்டார்கள், கன்றுகள் சாக ஆரம்பித்தன. மாட்டுக்காரர்களுக்கு இன்றைக்கும் கோபந்தான். ஆனால் அங்கே ஒரு மாட்டுக்கு 15,000 டாலர் வரைக்கும் மாநிலம் கொடுக்கிறது. செத்ததுக்கு மட்டும் இல்லை. பயத்தில் எடை குறைந்த கன்றுக்கும், சினை பிடிக்காமல் போன மாட்டுக்கும் கணக்குக் கேட்கலாம். இதைப் படித்தபோதுதான் நான் எழுதாமல் விட்ட அந்த வரி நினைவுக்கு வந்தது.

ஐரோப்பாவில் கதை வேறு விதம். 2022-ல் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவி உர்சுலா வான் டெர் லேயன் வீட்டு மட்டக்குதிரை ஒன்றை ஓநாய் அடித்துவிட்டது. 2025-க்குள் அங்கே ஓநாயின் பாதுகாப்பையே ஒரு படி இறக்கிவிட்டார்கள். குதிரைக்காகத்தான் இறக்கினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆடு வளர்க்கிறவர்கள் அதற்குப் பல வருஷம் முன்னாலிருந்தே கத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் பெரிய இடத்துப் பட்டியில் ஓநாய் நுழைந்தால் விஷயம் எல்லோர் காதிலும் விழுகிறது என்பது மட்டும் தெரிகிறது.

அங்கே ஓநாய் காட்டிலிருந்து வருகிறது. இங்கே நாய் எங்கிருந்து வருகிறது? இதுதான் நான் இரண்டு வருஷமாக யோசிக்கிற கேள்வி, பதில் எனக்கே சங்கடமானது.

பல்லடம், காங்கயம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். பண்ணையில் செத்த கோழியைச் சிலர் புதைப்பதில்லை, சாக்கில் கட்டி ரோட்டோரப் பள்ளத்தில் வீசுகிறார்கள். கறிக்கடைக் குடலும் இறக்கையும் அதே பள்ளத்துக்கு. டவுனில் வளர்த்துச் சலித்துப்போன குட்டியைக் கொண்டுவந்து விட்டுப்போகிறவர்களும் உண்டு. ராத்திரியில் வண்டியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள் என்று ஊரில் பேச்சு. நான் கண்ணால் பார்த்ததில்லை. கோழிக் குடல் தின்று வளர்ந்த நாய்க்கு மாமிசம் பழகிவிடுகிறது. கொட்டுகிற இடம் மாறினால், அடுத்து பட்டிதான்.

நானும் இதில் ஒரு கை. கடைசியாக வேலை பார்த்த கம்பெனியில் கேன்டீன் கழிவை எடுத்துப்போக ஒரு டெம்போக்காரர் வருவார். மாசா மாசம் அவருக்கு வவுச்சர் போட்டுக் கையெழுத்து வாங்குவது நான். பதினைந்து வருஷத்தில் ஒரு நாள்கூட, எங்கேப்பா கொண்டுபோய்க் கொட்டுகிறாய் என்று கேட்டதில்லை. தொகை சரியா என்று பார்ப்பேன், தேதி சரியா என்று பார்ப்பேன். கழிவு காம்பவுண்டைத் தாண்டிவிட்டால் கணக்கு முடிந்தது. அது எந்த ஊர்ப் பள்ளத்தில் போய் விழுந்ததோ, எத்தனை நாய் வளர்த்ததோ, எனக்குத் தெரியாது.

பட்டிக் காவலுக்கு ஆள் இல்லாமல் போனதும் நம்மால்தான். காலை ஆறரைக்கு வெள்ளகோவில் ரோட்டில் நின்று பாருங்கள். கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பையன்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு போகும். என் தங்கச்சி மகனும் அந்த வேனில்தான் போய்க்கொண்டிருந்தான், இப்போது திருப்பூரிலேயே வீடு எடுத்துவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. வாரச் சம்பளம் தருகிற வேலையை விட்டுப் பட்டியில் படு என்று எந்த வாயால் சொல்வது? மிச்சம் இருப்பது அறுபது தாண்டின இரண்டு பேர். ஒருத்தர் கண்ணசந்தால் அவ்வளவுதான்.

இந்த ஊருக்கு இது புதுப் பாடமும் இல்லை. சாயத் தண்ணீரை நொய்யலில் விட்டோம். சட்டை வெளிநாட்டுக்குப் போனது, பணம் திருப்பூருக்கு வந்தது, கெட்டுப்போன தண்ணீர் கிழக்கே ஒரத்துப்பாளையம் அணையில் போய் நின்றது. கரையோரத்து விவசாயி கிணறு பாழாச்சு. 1996-ல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில், கெடுத்தவன்தான் செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நொய்யல் விவசாயிகளுக்கும் நஷ்டஈடு கணக்குப் பார்த்தார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட நாளை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது நமக்கு வலித்தது. ஆனாலும் நியாயம் அந்தப் பக்கம்தான் இருந்தது என்று இன்றைக்கு ஒத்துக்கொள்கிறோம். ஒருத்தர் செய்ததன் செலவு இன்னொருத்தர் தலையில் விழுந்தால் அது சும்மா மறைந்துவிடாது.

என் பேத்தி கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள். ஹாஸ்டல் வாசலில் நாலு தெருநாய்க்கு தினம் சோறு வைக்கிறாள். நல்ல பிள்ளை. லீவுக்கு வந்தபோது இதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"வாயில்லா ஜீவன் தாத்தா, அதுக்கு யாரு பேசுவாங்க?" என்றாள்.

"ஆட்டுக்கு மட்டும் வாய் இருக்குதா கண்ணு?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப கொல்லணும்ங்கறீங்களா?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். கொல்ல வேண்டாம் என்றுதான் சொன்னேன். விஷம் வைத்த ஊர்களையும் எனக்குத் தெரியும். விஷம் வைத்த கறியை நாய் மட்டும் தின்பதில்லை. காக்கை செத்தது, கழுகு செத்தது, பக்கத்துத் தோட்டத்துக் காவல் நாயும் செத்தது. ஒரு மாசத்தில் வேறு நாய்க் கூட்டம் வந்து அதே பள்ளத்தில் குடியேறியது, ஏனென்றால் கோழிக் கழிவு அங்கேயே இருந்தது.

"சரி, கொல்ல வேண்டாம். செத்த ஆட்டுக்கு யாரு பணம் கொடுக்கறது?" என்று அவளிடம் திருப்பிக் கேட்டேன். "அரசாங்கம் கொடுக்கணும்" என்றாள். "அரசாங்கம்னா யாரு கண்ணு?" என்றேன். "நாம எல்லாருந்தான்" என்றாள். அவ்வளவுதான் என் கட்சியும். நாயைக் காப்பது நம் எல்லோருடைய முடிவு என்றால், செலவும் எல்லோருடையதாக இருக்கட்டும். இப்போது முடிவு பொது, செலவு மட்டும் ஆட்டுக்காரன் பாக்கெட்டில்.

மறியலும் உண்ணாவிரதமும் வீண்போகவில்லை. 2025-ல் நாய் கடித்துச் செத்த ஆடு, மாடு, கோழிக்கும் நிவாரணம் தர அரசு முன்வந்தது. தொகை சந்தை விலைக்குக் குறைவுதான். ஆனாலும் நாங்கள் தேடி அலைந்த தலைப்பு ஒன்று பிறந்துவிட்டது, அதற்காகப் போராடினவர்களுக்கு நன்றி. இனி வேண்டியது, ஒவ்வொரு தடவையும் ரோட்டில் ஆட்டைக் கிடத்தாமல் அது வருவது. கால்நடை டாக்டர் சான்று கொடுத்தால் பதினைந்து நாளில் பாங்குக் கணக்கில் ஏற வேண்டும். கடிபட்டுப் பிழைத்ததன் மருந்துச் செலவும் கலைந்த சினையும் கணக்கில் சேர வேண்டும். கருத்தடை வண்டி ஒன்றியத்துக்கு ஒன்றாவது கிராமங்களுக்குப் போக வேண்டும். பட்டிக்குக் கம்பி வலை போட ஒரு மானியம் கொடுத்தால், கொடுக்கிற நிவாரணத்தில் பாதி மிச்சம். எல்லாவற்றுக்கும் முன்னால் கோழிக் கழிவைக் கொட்டுகிறவனைப் பிடிக்க வேண்டும். நாய்க்கு வைக்கிற கூண்டை விட அதற்குச் செலவு குறைவு.

நம் பங்குக்கு, இன்னும் கம்பெனியில் செல்வாக்கோடு இருக்கிற நண்பர்கள் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் கேன்டீன் கழிவு எங்கே போகிறது என்று அந்த டெம்போக்காரரிடம் ஒரு தடவை கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது.

போன மாசம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டியில் இப்போது எட்டு ஆடுதான். மூன்று மாடு நிற்கிறது, அதில் ஒன்று சினை. ஒரு புரோக்கர் வந்து கொறங்காட்டுக்கு விலை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தர், இரண்டு மணிக்கு ஒருத்தர் என்று முறை வைத்துக் காவல். எனக்கு அங்கே தூக்கம் வரவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன், அறுபத்திரண்டு வயதில் என் தங்கச்சி டார்ச் லைட்டும் தடியுமாகப் பட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே ஒரு குட்டி நாய். ரோட்டோரம் யாரோ விட்டுப்போன குட்டியாம், மாப்பிள்ளை எடுத்துவந்து ஆட்டுக்குட்டிகளோடு விட்டு வளர்க்கிறார். அப்பாருவும் அப்படித்தான் வளர்த்தார்.

கிளம்பும்போது, காட்டை என்ன பண்ணப்போகிறீர்கள் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். "மாடு கன்னு போடட்டுங்க மச்சான். அதுக்கப்புறம் பாக்கலாம்" என்றார்.